வீட்டுக்குப் பேட்டரி டிரில் வாங்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

வீட்டு வேலைகளைத் தாமே செய்துகொள்ள விரும்பும் உறவினர்களும் அண்டை வீட்டாரும் என்னிடம் பல ஆண்டுகளாகக் கேட்டுவரும் கேள்விகளை இங்கே ஓர் ஒழுங்கில் எழுதியிருக்கிறேன். நான் தச்சரும் அல்லன், கொத்தனாரும் அல்லன். திரைக் கம்பியும் அலமாரியும் மாட்டி, கதவுக் கீலைச் சரிசெய்து, மாடியில் செடிகளுக்குச் சட்டம் அடித்துப் பழகியவன். தொழிலுக்காக நாள் முழுதும் கருவியைப் பிடிக்கிறவர்களின் தேவை வேறு. இந்தப் பதில்கள் வீட்டுக்காரர்களுக்கானவை.

எந்த டிரில் வாங்குவது என்று முடிவுசெய்யும் முன் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

உங்கள் சுவரைப் பார்க்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் அமெரிக்க விமர்சனங்கள் பெரும்பாலும் மரச் சட்டத்தின்மேல் ஜிப்சம் பலகை அடித்த வீடுகளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. அங்கே கைக்கு அடக்கமான ஒரு சிறு டிரில் எல்லா வேலையையும் முடித்துவிடும். நம் வீடுகளில் அதே டிரில் செங்கல் சுவரில் தாக்குப்பிடித்து, அடுத்த சுவரில் அடியோடு நின்றுவிடும். ஒரே அறையிலேயே செங்கல், கான்கிரீட் பீம், கான்கிரீட் தூண் மூன்றும் பூச்சுக்குள் ஒளிந்திருப்பதே காரணம்.

இதில் பெரும்பாலோர் முதன்முதலாக மாட்டிக்கொள்ளும் இடம் சன்னல். திரைக் கம்பிக்கான தாங்கிகளைச் சன்னலுக்கு நேர் மேலே பொருத்துகிறோம். அந்த இடத்தில்தான் சன்னலுக்கு மேலுள்ள சுவரைத் தாங்கும் கான்கிரீட் பட்டையான லிண்டல் ஓடுகிறது. டிரில்லில் மாட்டும் துளைக்கம்பியான பிட், தொடக்கத்தில் 12-15 மி.மீ. ஆழம் வரை, அதாவது பூச்சின் கனம் வரை, வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும். பிறகு சட்டென்று ஒலி மாறிக் கீச்சிடும், டிரில் கையில் அதிரும், துளை ஆழமாகாது. டிரில் மோசம் என்று பலர் நினைப்பது இந்தக் கணத்தில்தான். உண்மையில் பிட் எதிர்கொண்டிருப்பது கருங்கல் ஜல்லி கலந்த கான்கிரீட்.

சுவரின் உள்ளே என்ன இருக்கிறது என்பதைத் தூளின் நிறம் சொல்லிவிடும். மறைவான ஓர் இடத்தில் 6 மி.மீ. பிட்டால் மெதுவாகத் துளையிட்டு, விழும் தூளை ஒரு வெள்ளைத் தாளில் பிடியுங்கள். முதலில் சாம்பல் நிறப் பூச்சுத் தூள், பிறகு சிவப்புத் தூள் என்றால் செங்கல். சாம்பல் நிறமே நீடித்து, பிட் முன்னேறத் திணறினால் கான்கிரீட். சாம்பல் தூளோடு பிட் திடீரென்று உள்ளே விழுந்தால் ஹாலோ பிளாக். மாவுபோல மென்மையான, வெளிறிய தூள் தடையின்றி வந்தால் எடை குறைந்த ஏஏசி கல். அதில் ஹேமர், அதாவது சுழலும்போதே அடிக்கும் முறை, தேவையே இல்லை, போட்டால் துளை அகன்று, திருகாணியைப் பிடிக்கச் சுவரில் செருகும் பிளக் நிற்காது.

அடுக்ககங்களில் குடியிருப்போர் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அண்மைக் காலத்து உயரமான அடுக்ககங்களில் பலவும் மைவான் எனப்படும் அலுமினியப் பலகை அடைப்பு முறையில் கட்டப்படுகின்றன. அவற்றில் சுவர் முழுவதுமே கம்பி கட்டி ஊற்றிய கான்கிரீட். அத்தகைய வீட்டுக்குச் சாதாரண ஹேமர் டிரில் வாங்குவது பணத்தை வீணாக்குவதாகும். இதற்கு நேர்மாறாக, சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பிய பழைய வீடுகளில் ஹேமரைத் தட்டினால் பூச்சு தகடு தகடாகப் பெயர்ந்துவரும். தேக்கு உத்தரங்களின்மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரையுள்ள வீடாக இருந்தால், கூரையில் எதையும் துளையிட வேண்டாம் என்றே கேட்டுக்கொள்கிறேன், உத்தரத்தில் திருகுங்கள்.

ஆண்டுக்கு நாலைந்து ஓட்டை மட்டும் போடுகிற எனக்குப் பேட்டரி டிரில் வேண்டுமா?

வேண்டாம். பிட்டைப் பிடித்துக்கொள்ளும் 13 மி.மீ. சக்கும் 500 அல்லது 600 வாட் மோட்டரும் உள்ள, ஒயர் வைத்த ஹேமர் டிரில் ஒன்றை வாங்கி வையுங்கள். நல்ல பேட்டரித் தொகுப்பின் விலையில் சிறு பங்குதான் ஆகும். பத்தாண்டு கழித்து எடுத்தாலும் அப்படியே ஓடும். லித்தியம் பேட்டரி அப்படியல்ல, பயன்படுத்தாமல் அலமாரியில் கிடந்தாலும் அது மூப்படைந்துகொண்டே இருக்கும்.

வேலைக்கு ஒயர் இடையூறாக இருப்பவர்களுக்குத்தான் பேட்டரி டிரில் உண்மையில் பயன்படுகிறது. ஏணியில் நின்று வேலை செய்வோர், மாடித் தொட்டியருகிலும் தோட்டத்திலும் வெளிக்கதவிலும் வேலையுள்ளோர், இன்னும் மின் இணைப்பு வராத புதுவீட்டில் நிற்போர், மாதம் இரண்டு மூன்று முறையாவது திருகாணி முடுக்குவோர் ஆகியோருக்கு அது கைக்கு மிகப் பெரிய விடுதலை. ஈரமான இடத்தில் 230 வோல்ட் ஒயரை இழுத்துக்கொண்டு போகாமல் இருப்பதே ஒரு பாதுகாப்பு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டிரில் டிரைவர், ஹேமர் டிரில், ரோட்டரி ஹேமர், இம்பாக்ட் டிரைவர் என்று நான்கு பெயர் சொல்கிறார்களே?

டிரில் டிரைவர் சுழலும், அவ்வளவே. மரம், இரும்புத் தகடு, திருகாணி ஆகியவற்றுக்கு அது போதும். சக்குக்குப் பின்னால் எண்கள் போட்ட வளையம் ஒன்று இருக்கும், அதுதான் கிளட்ச். குறிப்பிட்ட முறுக்கு வந்ததும் அது 'டர்ர்' என்று விட்டுக்கொடுத்து, திருகாணித் தலை மழுங்காமலும் பிளைவுட் பிளக்காமலும் காக்கும். அலமாரிக் கீல் முடுக்கும்போது சிறிய எண்ணில் தொடங்கி, ஆணி மட்டமாக அமரும்வரை ஒவ்வோர் எண்ணாக ஏற்றுங்கள்.

ஹேமர் டிரில் என்பது அதே கருவியோடு, பற்கள் கொண்ட இரண்டு வளையங்கள் சேர்ந்தது. அவை ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்குவதால் சக் முன்னும் பின்னும் நடுங்குகிறது. நிமிடத்துக்கு 20,000-க்கு மேல் அடிகள் விழும் என்று பெட்டியில் எழுதியிருப்பது பொய்யன்று, ஆனால் ஒவ்வோர் அடியும் மிக மெலிது. அதன் பலம் நீங்கள் கையால் அழுத்தும் பலத்தைப் பொறுத்தது. செங்கல்லுக்கு இது நன்றாகவே போதும். லிண்டலில் 6 மி.மீ. துளையைப் பொறுமையாக இருந்தால் போட்டுவிடலாம். 10 மி.மீ. என்றால் கையும் ஓயும், மோட்டரும் சூடாகும்.

ரோட்டரி ஹேமருக்குள் ஒரு பிஸ்டன் காற்றை அழுத்தி, அந்தக் காற்று ஒரு சிறு இரும்புக் கட்டையை எறிந்து பிட்டின் பின்புறத்தை அடிக்கிறது. அடிகள் நிமிடத்துக்கு நாலாயிரம், ஐயாயிரம் அளவில்தான் இருக்கும், ஆனால் ஒவ்வொன்றும் உண்மையான அடி. தேங்காயை விரலால் ஆயிரம் முறை தட்டுவதற்கும் அரிவாளின் பின்புறத்தால் ஒரு போடு போடுவதற்கும் உள்ள வேறுபாடு இது. இதற்கென்று எஸ்டிஎஸ் பிளஸ் என்ற தனி வகைப் பிட் உண்டு. அதன் அடித்தண்டு 10 மி.மீ. தடிமனும் பள்ளங்களும் உள்ளது, சாவியின்றிச் செருகினால் பூட்டிக்கொள்ளும். ஒன்றரை, இரண்டு ஜூல் அடிவலிமையுள்ள சிறிய 18 வோல்ட் ரோட்டரி ஹேமர்கூட, ஹேமர் டிரில் ஐந்து நிமிடம் போராடும் கான்கிரீட் துளையைச் சில நொடிகளில் முடித்துவிடும். நீங்கள் அழுத்தக்கூட வேண்டாம், நேராகப் பிடித்திருந்தால் போதும்.

இம்பாக்ட் டிரைவர் சுவருக்கானதே அல்ல. இதைப் பலர் பெயரைக் கண்டு தவறாக வாங்கிவிடுகிறார்கள். அது சுழலும் திசையிலேயே அடித்து முறுக்கும் கருவி. நீண்ட மரத்திருகாணிகளையும் போல்ட்டுகளையும் முடுக்க அதற்கு இணையில்லை. அறுகோணத் தண்டுள்ள 6.35 மி.மீ. பிட்டுகளே அதில் பொருந்தும். சத்தம் காதைத் துளைக்கும் என்பதால் மூடிய அறையில் காதடைப்பான் இன்றிப் பயன்படுத்த வேண்டாம்.

செங்கல் அல்லது ஹாலோ பிளாக் வீடு என்றால் 18 வோல்ட் ஹேமர் டிரில் வாங்கி, கான்கிரீட்டில் பெரிய துளை தேவைப்படும் நாளில் மட்டும் ரோட்டரி ஹேமரை நாள் வாடகைக்கு எடுப்பதே சிக்கனம் என்று சொல்வேன். மைவான் வீடு என்றால் முதல் கருவியாகவே 18 வோல்ட் ரோட்டரி ஹேமரை வாங்கி, திருகாணி முடுக்க ஒரு சிறிய டிரில் டிரைவரை அதே பேட்டரியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

12 வோல்ட், 18 வோல்ட், 20 வோல்ட், 48 வோல்ட்: எது உண்மை?

பேட்டரிக்குள் இருப்பவை விரல் தடிமனுள்ள லித்தியம் செல்கள். ஒவ்வொன்றின் சராசரி மின்னழுத்தம் 3.6 வோல்ட், முழுதாகச் சார்ஜ் ஆனதும் 4.2 வோல்ட். மூன்று செல்களை வரிசையாக இணைத்தால் 10.8 வோல்ட், அதையே 12 வோல்ட் என்று விற்கிறார்கள். ஐந்து செல்களை இணைத்தால் 18 வோல்ட். சார்ஜரிலிருந்து எடுத்த கணத்தில் அதே ஐந்து செல்கள் 20, 21 வோல்ட் காட்டும் என்பதால் சில நிறுவனங்கள் '20 வோல்ட் மேக்ஸ்' என்று அச்சிடுகின்றன. டிவால்ட் நிறுவனம் அமெரிக்காவில் 20 வோல்ட் மேக்ஸ் என்றும் ஐரோப்பாவில் 18 வோல்ட் என்றும் விற்பது ஒரே வகைப் பேட்டரியைத்தான். ஆகவே 18-ஐ விட 20 வலிமையானது என்று கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

இணையக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பெயர் தெரியாத தொகுப்புகளில் 48, 88, 128 என்ற பெரிய எண்களும், அவற்றின் பின்னால் 'விஎஃப்' என்ற எழுத்துகளும் இருக்கும். விஎஃப் என்று ஓர் அலகு கிடையாது. அவற்றில் பலவற்றைத் திறந்தால் அதே ஐந்து செல்கள்தான் இருக்கின்றன. உண்மையில் 48 வோல்ட் வேண்டுமென்றால் பதின்மூன்று செல்கள் வரிசையாக இருக்க வேண்டும். கைப்பிடிக்குக் கீழே உள்ள அந்தச் சிறு பெட்டியில் அத்தனைக்கு இடமில்லை என்பதைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம்.

வீட்டுத் தேவைக்கு 12-ம் 18-ம் மட்டுமே கருத்தில் கொள்ள வேண்டியவை. அலமாரி, கட்டில் பூட்டுதல், சுவிட்ச் பலகை, மரவேலை இவ்வளவே என்றால் 12 வோல்ட் போதும். தலைக்கு மேல் கையை உயர்த்தி வேலை செய்யும்போது அதன் எடைக்குறைவின் அருமை தெரியும். சுவரும் கிரைண்டரும் ரம்பமும் சேரும் என்றால் 18 வோல்ட்டில் தொடங்குவதே சரி. 36, 40 வோல்ட் வரிசைகள் பெரும்பாலும் தொழில்முறைக் கருவிகளுக்கும் தோட்டக் கருவிகளுக்கும் உரியவை.

ஆம்பியர்-அவர் எவ்வளவு இருக்க வேண்டும்?

வோல்ட்டையும் ஆம்பியர்-அவரையும் பெருக்கினால் பேட்டரியில் உள்ள ஆற்றல் வாட்-அவர் கணக்கில் கிடைக்கும். 18 வோல்ட், 2 ஆம்பியர்-அவர் என்றால் 36. 4 ஆம்பியர்-அவர் என்றால் 72. டிரில்லுக்கு 2 போதும். கிரைண்டர், ரம்பம், இலை ஊதும் புளோயர் ஆகியவை 2 ஆம்பியர்-அவர் பேட்டரியைச் சில நிமிடங்களில் தீர்த்துவிடும், சூடாக்கியும்விடும்; அவற்றுக்கு 4 அல்லது 5 தேவை. 4 ஆம்பியர்-அவர் பேட்டரியில் பெரும்பாலும் ஐந்துக்குப் பதில் பத்துச் செல்கள் இருப்பதால் சுமை பகிர்ந்துகொள்ளப்பட்டு, கருவியின் வலுவும் சற்றுக் கூடுகிறது. இரண்டு சிறிய பேட்டரிகள் வைத்துக்கொள்வது ஒரு பெரிய பேட்டரி வைத்துக்கொள்வதைவிட நடைமுறையில் மேல். ஒன்று சார்ஜ் ஆகும்போது மற்றொன்று வேலை செய்யும்.

பிரஷ்லெஸ் மோட்டருக்குக் கூடுதலாகச் செலவிடலாமா?

விலை வேறுபாடு தாங்கக்கூடியது என்றால் செலவிடலாம். பழைய வகை மோட்டரில் கார்பன் பிரஷ் உரசியே மின்சாரம் பாய்கிறது; காற்றுத் துளைகள் வழியே நீலப் பொறி தெரிவதும் லேசான கருகல் வாடை வருவதும் அதனால்தான். பிரஷ்லெஸ் மோட்டரில் அந்த உரசல் இல்லாததால் அதே சார்ஜில் கூடுதல் வேலை நடக்கும், கருவியும் நீளம் குறைந்து அடக்கமாக இருக்கும். ஆனால் வீட்டில் ஆண்டுக்கு நூறு துளை போடுகிற ஒருவர் கார்பன் பிரஷ்ஷைத் தேய்த்து முடிப்பதற்குப் பல ஆண்டுகள் ஆகும். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால், மோட்டரைவிட இரண்டாவது பேட்டரிக்கே என் வாக்கு.

ஒரு கம்பெனியின் பேட்டரி அதன் எல்லாக் கருவிகளிலும் பொருந்துமா?

வாங்குவோர் மிகவும் ஏமாறும் இடம் இதுதான், எனவே சற்று விரிவாகவே சொல்கிறேன். நீங்கள் வாங்குவது டிரில் என்று நினைக்கிறீர்கள். உண்மையில் சேர்ந்துகொள்வது ஒரு பேட்டரிக் குடும்பத்தில். அடுத்த பத்தாண்டுகளில் வாங்கும் கருவிகள் எல்லாம் அந்தக் குடும்பத்துக்குள்ளேயே அமைந்தால், பேட்டரியும் சார்ஜரும் இல்லாத வெற்றுக் கருவியை மட்டும் குறைந்த விலையில் வாங்கிக்கொண்டு போகலாம்.

குடும்பம் என்பது கம்பெனியின் பெயரன்று. போஷ் நிறுவனத்தின் நீல நிறத் தொழில்முறைக் கருவிகளும் பச்சை நிற வீட்டுக் கருவிகளும் இரண்டுமே 18 வோல்ட்டில் கிடைக்கின்றன, ஆனால் ஒன்றின் பேட்டரி மற்றொன்றில் ஏறாது. மகிட்டாவில் 2005-இல் தொடங்கிய எல்எக்ஸ்டி என்ற 18 வோல்ட் வரிசை இன்றுவரை தொடர்கிறது. அதே நிறுவனத்தின் விலை குறைந்த ஜி வரிசையும் 18 வோல்ட்தான், ஆனால் அந்தப் பேட்டரி எல்எக்ஸ்டி கருவியில் பொருந்தாது. கடையில் இரண்டும் ஒரே நீலப்பச்சை நிறத்தில் அருகருகே இருக்கும். டிவால்ட், ஸ்டான்லி, பிளாக் அண்ட் டெக்கர் மூன்றும் ஒரே தாய் நிறுவனத்தின் பெயர்கள் என்றாலும், டிவால்ட் கருவியில் பிளாக் அண்ட் டெக்கர் பேட்டரியைப் போட முடியாது. ஆகவே கடைக்காரரிடம் "இந்தப் பேட்டரி வேறு எந்தெந்தக் கருவியில் ஏறும், எனக்குக் காட்டுங்கள்" என்று கேட்டு, முடிந்தால் கடையிலேயே ஒன்றைக் கழற்றி மற்றொன்றில் மாட்டிப் பாருங்கள்.

நான் முதன்முதலில் வாங்கியது அழகான பெட்டியில், இருபது பிட்டுகளோடு வந்த ஒரு மலிவுத் தொகுப்பு. டிரில் நன்றாகத்தான் ஓடியது. இரண்டாம் ஆண்டு இறுதியில் பேட்டரி சார்ஜ் நிற்காமல் போனபோது, வாங்கிய கடையில் அந்தப் பெயரே வருவதில்லை என்றார்கள். வேறு எந்தப் பேட்டரியும் அதன் தடத்தில் அமரவில்லை. மோட்டரும் சக்கும் கிளட்சும் பழுதின்றி இருந்த ஒரு டிரில்லைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டேன். அன்று முதல், டிரில்லின் விலையைக் கேட்பதற்கு முன் அதன் பேட்டரி தனியாக என்ன விலை, இன்றைக்குக் கடையில் இருக்கிறதா என்று கேட்பதை வழக்கமாக வைத்திருக்கிறேன். அதற்குத் தெளிவான பதில் கிடைக்காத எந்தக் கருவியையும் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

உங்கள் ஊரிலோ பக்கத்து நகரத்திலோ பழுதுநீக்கும் மையம் இருக்கிறதா என்பதையும் விசாரியுங்கள். சென்னை பாரிமுனைக் கடைத்தெருக்களில் எல்லாப் பெயரும் கிடைக்கும். பட்டுக்கோட்டையில் இருப்பவருக்கு அதனால் பயன் குறைவு. தேர்வில் இரண்டு நிறுவனங்கள் சமமாக நின்றால், உங்கள் ஊரில் கதவு திறந்திருக்கும் நிறுவனத்தையே எடுங்கள். கருவிக்கும் பேட்டரிக்கும் உத்தரவாதக் காலம் வேறு வேறாக இருப்பதுண்டு; ரசீதில் இரண்டையும் எழுதி வாங்குங்கள்.

டிரில்லுக்கு அடுத்து எந்தக் கருவியை வாங்கலாம்?

தேவை வரும்போது வாங்குங்கள். ஐந்து கருவிகள் கொண்ட தொகுப்புகளில் இரண்டு கருவிகள் தொடப்படாமலே கிடப்பதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். மரவேலையில் ஆர்வமிருந்தால் இம்பாக்ட் டிரைவரும், வளைவாகவும் அறுக்கும் சிறு ரம்பமான ஜிக்சாவும். இரும்புக் கதவு, கம்பி வேலி, துரு நீக்கல் என்றால் 100 மி.மீ. ஆங்கிள் கிரைண்டர்.

கிரைண்டரைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மரம் அறுக்கும் பல் பிளேடை மார்பிள் கட்டரிலும், சில நேரம் காப்பு மூடியைக் கழற்றிய கிரைண்டரிலும் மாட்டி வேலை செய்வதை நம் ஊர்களில் எங்கும் காணலாம். பல் மரத்தில் சிக்கினால் கருவி எகிறி உங்களை நோக்கியே வரும், அதைத் தடுக்கும் அமைப்பு பெரும்பாலான கிரைண்டர்களில் இல்லை. அந்த வேலையை நாள்தோறும் செய்து தேர்ந்த தச்சர்களே விரல் இழந்திருக்கிறார்கள். மரம் அறுக்கச் சர்க்குலர் ரம்பத்தையோ ஜிக்சாவையோ மட்டும் பயன்படுத்துங்கள்.

எந்தெந்தப் பிட் வாங்க வேண்டும்? எவ்வளவு ஆழம் துளைப்பது?

சுவருக்கு 6-ம் 8-ம், நுனியில் கார்பைடு பொருத்தியவை, நல்ல தரத்தில் இரண்டிரண்டு. இரும்புக்கு எச்எஸ்எஸ் எனப்படும் கடின எஃகுப் பிட். மரத்துக்கு நடுவில் கூர் முனை உள்ளவை. நூறு பிட்டு கொண்ட மலிவுப் பெட்டியைவிட இந்த ஆறேழு பிட்டுகள் நீடிக்கும். டிரில் வேலை செய்யவில்லை என்று என்னிடம் கொண்டுவந்தவர்களில் பாதிப்பேரின் குறை மழுங்கிய பிட்தான். இன்னும் சிலருடையது, திசைப் பொத்தான் தலைகீழாக இருந்தது.

6 மி.மீ. ரால் பிளக் 30 மி.மீ. நீளமிருக்கும், 4 முதல் 5 மி.மீ. திருகாணியை ஏற்கும், 8 மி.மீ. பிளக் 40 மி.மீ. நீளம். பூச்சின் கனத்தையும் சேர்த்து, பிளக்கின் நீளத்தைவிடக் குறைந்தது 10 மி.மீ. ஆழமாகத் துளையுங்கள். பிளக் முழுதும் பூச்சிலேயே நின்றால் பாரத்தில் கையோடு வந்துவிடும். பிட்டின்மேல் வேண்டிய அளவில் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் சுற்றினால் அதுவே அளவுகோல். துளைத்து முடித்ததும் உள்ளே தங்கிய தூளைச் சைக்கிள் பம்பால் ஊதி வெளியேற்றுங்கள். இதைத் தவிர்ப்பதால்தான் பிளக் பாதியில் மடிகிறது. கான்கிரீட்டில் பிட் அசையவே மறுத்து, பளபளக்கும் இரும்புத் துகள் வந்தால் கம்பியைத் தொட்டிருக்கிறீர்கள். அதை வெட்ட முயலாமல் ஓர் அங்குலமாவது தள்ளிப் புதிய துளை போடுங்கள்.

குளியலறை டைல்ஸில் துளையிடலாமா?

இடலாம். ஹேமரை அணைத்துவிட்டு, டைல்ஸுக்கென்று உள்ள ஈட்டி முனைப் பிட்டால், குறைந்த வேகத்தில். துளையிடும் புள்ளியில் காகித டேப்பைக் குறுக்காக ஒட்டினால் பிட் வழுக்காது. கடினமான விட்ரிஃபைட் டைல்ஸுக்கு வைரத் துகள் பூசிய பிட்டும் இடையிடையே தண்ணீர் தெளிப்பும் தேவை. டைல்ஸைக் கடந்து சுவரைத் தொட்ட பிறகே ஹேமர்.

நம் வெயிலில் பேட்டரியை எப்படிப் பேணுவது?

லித்தியம் பேட்டரிக்கு முதல் எதிரி வெப்பம். கத்திரி வெயிலில் நிறுத்திய காருக்குள்ளும், தகரக் கூரை போட்ட மாடி அறையிலும் அதை வைக்கவே கூடாது. கிரைண்டர் வேலை முடிந்து கை பொறுக்காத சூட்டில் இருக்கும் பேட்டரியை உடனே சார்ஜரில் போடாமல் அரை மணி நேரம் நிழலில் ஆறவிடுங்கள். 45 டிகிரிக்கு மேல் சூடான செல்லைச் சார்ஜ் செய்வது அதன் ஆயுளைத் தின்னும். நல்ல சார்ஜர்கள் தாமே காத்திருக்கும், மலிவானவை காத்திருக்காது.

"முழுதாகத் தீர்த்துவிட்டுத்தான் சார்ஜ் போட வேண்டும்" என்ற பழைய அறிவுரையை மறந்துவிடுங்கள். பிளாக் அண்ட் டெக்கர் 1961-இல் முதல் பேட்டரி டிரில்லை வெளியிட்டபோது அதில் இருந்தது நிக்கல்-காட்மியம் பேட்டரி. அந்த அறிவுரை அந்த வகைக்கு உரியது. லித்தியம் பேட்டரியை அடியோடு தீர்ப்பது அதற்குக் கெடுதல். வலு குறைவது தெரிந்ததும் நிறுத்திச் சார்ஜ் செய்யுங்கள். நீண்ட நாள் எடுக்க மாட்டீர்கள் என்றால் பாதி அளவு சார்ஜில், கருவியிலிருந்து கழற்றி, வீட்டின் குளிர்ந்த அறையில் வையுங்கள். மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை விளக்குப் புள்ளிகளைப் பார்த்து, ஒன்று மட்டும் எரிந்தால் சிறிது சார்ஜ் ஏற்றுங்கள். ஆயுத பூஜைக்குக் கருவிகளைத் துடைத்துச் சந்தனம் வைக்கும்போது பேட்டரியின் செப்பு முனைகளில் ஈரம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கிவரலாமா?

அமெரிக்காவிலிருந்து வரும் சார்ஜர் பெரும்பாலும் 120 வோல்ட்டுக்கு மட்டுமே உரியது. நம் 230 வோல்ட்டில் செருகியதும் கருகிவிடும். செருகியின் வடிவத்தை மட்டும் மாற்றும் அடாப்டர் இதைத் தடுக்காது. அதே வரிசைக்கு இந்தியாவில் 230 வோல்ட் சார்ஜர் விற்கிறார்களா என்று முன்னதாகவே உறுதிசெய்துகொள்ளுங்கள். சிங்கப்பூரிலும் துபாயிலும் மின்னழுத்தம் நமக்கு ஒத்துப்போகும், செருகியின் வடிவம் மட்டும் மாறும். விமானத்தில் தனிப் பேட்டரிகளைப் பெட்டிச் சரக்கில் போடக் கூடாது, கைப்பையில்தான் கொண்டுவர வேண்டும். 100 வாட்-அவர் வரை பொதுவாக அனுமதி உண்டு, அதற்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் தேவை. டிரில்லோ கைப்பையில் அனுமதிக்கப்படாது, அது பெட்டிக்குள் போக வேண்டும். இந்தியாவில் உத்தரவாதம் செல்லாமல் போகக்கூடும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

துளையிடும்போது கவனிக்க வேண்டியவை யாவை?

சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலும் நேர் கீழும் துளையிடாதீர்கள். சுவருக்குள் ஒயர்க் குழாய் அந்தக் கோட்டில்தான் ஓடும். குளியலறையில் குழாய்க்கும் கீசருக்கும் நேரான கோடுகளைத் தவிருங்கள். ஐயம் இருந்தால் மின்பெட்டியில் அந்த அறையின் மின்சாரத்தைத் துண்டிக்கும் எம்சிபி சுவிட்சை இறக்கிவிட்டு வேலை செய்யுங்கள். பேட்டரி டிரில் என்பதால் அது முடியும். வேட்டி, லுங்கி, துப்பட்டா, தளர்ந்த முந்தானை, வளையல் எதுவும் சுழலும் சக்கின் அருகில் இருக்கலாகாது. கையுறையும் சுற்றிக்கொள்ளும் என்பதால் துளையிடும்போது அணிய வேண்டாம். கண்ணாடியும் முகக்கவசமும் அணியுங்கள், கான்கிரீட் தூளில் உள்ள சிலிக்கா நுரையீரலில் தங்கிவிடும். பிளாஸ்டிக் நாற்காலியின்மேல் ஏறி நின்று விட்டத்தில் துளையிடுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறுகிறது. பிட் சிக்கினால் டிரில் உங்களைத் திருப்பும், அந்த நாற்காலி வளையும். ஏணி இல்லையென்றால் அன்றைக்கு அந்த வேலையை நிறுத்திவிடுங்கள்.

'பொருந்தும்' என்று விற்கப்படும் வேற்றுப் பேட்டரிகளையும் அடாப்டர்களையும் நம்பலாமா?

நான் நம்புவதில்லை. பாதி விலைக்குக் கிடைப்பது, பெரும்பாலும் தரம் குறைந்த செல்களாலும், ஒவ்வொரு செல்லையும் சமமாக வைத்துக் காக்கும் மின்பலகை இல்லாததாலும்தான். ஒரு செல் அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆனால் தீப்பிடிக்கும் வாய்ப்பு உண்டு. ஒரு நிறுவனத்தின் பேட்டரியை இன்னொரு நிறுவனத்தின் கருவியில் மாட்டும் அடாப்டர்கள், 'தீர்ந்துவிட்டது, நிறுத்து' என்று பேட்டரி கருவிக்குச் சொல்லும் இணைப்பைத் துண்டித்துவிடுவதால், பேட்டரி அடியோடு வறண்டு கெடுகிறது. எந்தப் பேட்டரியானாலும் இரவில் தூங்கும்போது சார்ஜரில் விட்டுவைக்காதீர்கள்.

தீர்ந்துபோன பேட்டரியை என்ன செய்வது?

குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். குப்பை லாரியில் நசுங்கினால் தீப்பற்றும். 2022-இல் வெளியான பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பேட்டரிகளைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு உற்பத்தியாளருடையது. நிறுவனத்தின் பழுதுநீக்கும் மையத்திலோ மின்கழிவு சேகரிப்போரிடமோ கொடுங்கள். கொடுக்கும்வரை அதன் உலோக முனைகள்மேல் இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, சாவிக்கொத்தும் ஆணிகளும் கிடக்கும் பெட்டியில் சேராமல் தனியே வைத்திருங்கள்.